ஈறு நோய்: தோட்டத்து மக்களின் வாயில் உலகம் படித்த பாடம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் வட்டாரத்துத் தோட்ட லயங்களிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்தக் காட்சி நன்றாக நினைவிருக்கும். இரவானதும் தாத்தாவின் தலைமாட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர், அதில் பாதித் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு பல்செட்! பிள்ளைகள் பயந்துகொண்டே எட்டிப் பார்ப்பார்கள். "தாத்தாவுக்கு வயசாச்சு, பல்லெல்லாம் விழுந்து போச்சு" என்று பாட்டி சமாதானம் சொல்வார்.

அந்தத் தாத்தாவுக்கு உண்மையில் என்ன வயது? பல வீடுகளில் ஐம்பதைத் தாண்டியிருக்காது. விழுந்த பற்களும் சொத்தைப் பற்கள் அல்ல. ஓட்டையோ கறுப்போ இல்லாத முழுப் பற்கள். முதலில் பல் துலக்கும்போது இரத்தம் கசியும். பிறகு ஈறு இறங்கி, பல் நீண்டதுபோல் தெரியும். வாயில் ஒரு வாடை வரும். பல் ஆடும். ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போதோ, விரலால் அசைத்துப் பார்க்கும்போதோ கையோடு வந்துவிடும். வலிகூட அதிகம் இருக்காது. வலி இல்லாததால்தான் அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை. நரை விழுவது போல, பார்வை மங்குவது போல, பல் விழுவதும் வயதின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இது வயதின் வேலையா, நோயின் வேலையா? பல் மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்த கேள்வி இது. அதற்கு அசைக்க முடியாத பதில் இலங்கை மலையகத்தில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வாயிலிருந்து கிடைத்தது. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்த ஆய்வைப் படிக்கிறார்கள். நம்மவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

கரியும் பொடியும்

அந்தக் காலத்தில் நம் மக்கள் பல் துலக்காமல் இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அடுப்புக்கரி, உமிக்கரி, உப்பு, செங்கல் பொடி என்று கைக்கு எட்டியதையெல்லாம் பயன்படுத்தினார்கள். (செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் செங்கல் பொடிக்குப் பஞ்சம் இருந்திருக்காது!) பிறகு மதுரையின் கோபால் பல்பொடி கடல் கடந்து வந்தது. அதற்கும் பிறகு பிரஷ் வந்தது, பற்பசை வந்தது. எந்த நிறுவனத்துப் பசையாக இருந்தாலும் அதைக் 'கோல்கேட்' என்றே கேட்டு வாங்கும் பழக்கமும் வந்தது.

விரலால் தேய்த்த பொடி, பல்லின் முன்பக்கத்தை வெள்ளையாக்கியது. பல்லும் ஈறும் சந்திக்கும் மெல்லிய கோட்டையும், இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள சந்தையும் அது எட்டவில்லை. ஈறு நோய் பிறக்கும் இடங்களோ அவைதான். சொரசொரப்பான கரியும் செங்கல் பொடியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துக் கூச்சத்தையும் கொடுத்தன. போதாக்குறைக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை வேறு.

ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லேவன்ஹூக், தன் பற்களின் இடுக்கிலிருந்து சுரண்டிய வெள்ளைப் படலத்தைத் தானே செய்த நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார். உயிருள்ள சிற்றுயிர்கள் கூட்டம் கூட்டமாக நீந்துவதைக் கண்டு, 1683ஆம் ஆண்டு லண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். ஆனால் அந்தப் படலத்துக்கும் ஆடும் பல்லுக்கும் உள்ள தொடர்பு அப்போது புரியவில்லை. அமெரிக்காவின் ஜான் ரிக்ஸ் 1876ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், பல்லில் படியும் கல்லையும் அழுக்கையும் சுரண்டி எடுத்தால் ஈறு ஆறும் என்று வாதாடினார். ஈறு நோய்க்கு 'ரிக்ஸ் நோய்' என்ற பெயரே வழங்கியது. பயோரியா என்பது அதன் மற்றொரு பெயர். பல்பொடி விளம்பரங்களால் நம் பாட்டிமார்களுக்கும் அந்தச் சொல் தெரியும்.

ரிக்ஸ் சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தால் எத்தனையோ பற்கள் பிழைத்திருக்கும். நடந்ததோ வேறு. 1910ஆம் ஆண்டு வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவில் ஆற்றிய ஓர் உரை, வாயிலுள்ள சீழ்தான் உடலின் பல நோய்களுக்கும் மூலம் என்ற அலையைக் கிளப்பியது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்குச் சந்தேகப்பட்ட பல்லையெல்லாம் பிடுங்குவதே வைத்தியமானது. தோட்டத்து டிரசர் கையில் குறட்டை எடுத்தார் என்றால், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேல்நாட்டுப் பட்டதாரிகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

பல் துலக்காத பன்னிரண்டு பேர்

திருப்பம் 1965ஆம் ஆண்டு வந்தது. நார்வே நாட்டவரான ஹெரால்ட் லோ, டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 12 பேரைத் தேர்ந்தெடுத்தார். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். எல்லாருக்கும் ஆரோக்கியமான ஈறு. அவர்களைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். பத்து நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அத்தனை பேருக்கும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

ஈறு வீக்கத்துக்குக் காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம்தான் என்பது இதனால் உறுதியானது. ஆனால் வீக்கம் வேறு, பல் விழுவது வேறு. வீங்கிய ஈறு கவனிக்கப்படாமல் இருந்தால் பல ஆண்டுகளில் என்ன ஆகும்? டென்மார்க் மாணவர்களை இருபது ஆண்டுகளுக்குப் பல் துலக்காமல் இருக்கச் சொல்ல முடியுமா? முடியாது. அப்படியே வாழ்ந்துகொண்டிருக்கும் மக்கள் தேவைப்பட்டார்கள்.

லோவின் குழு இரண்டு கூட்டத்தாரை எடுத்துக்கொண்டது. முதல் கூட்டம் ஓஸ்லோ நகரத்து மாணவர்களும் கல்வியாளர்களும்; மொத்தம் 565 ஆண்கள். சிறுவயது முதல் பல் மருத்துவரிடம் போய் வந்தவர்கள். அவர்களை 1969ஆம் ஆண்டு பரிசோதித்தார்கள். இரண்டாவது கூட்டத்தைத் தேடி, 1970ஆம் ஆண்டு இலங்கை மலையகத்துக்குப் போனார்கள்.

பூண்டுலோயாவுக்கு வந்த ஆய்வாளர்கள்

நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் மலாயாவின் பால்மரக் காட்டுக்கு வந்தார்கள். மண்டபம் முகாம் வழியாகப் போனவர்கள் இலங்கையின் தேயிலை மலைக்குச் சென்றார்கள். இரு பக்கமும் கங்காணி, இரு பக்கமும் லயம். திருச்சி, சேலம் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து இரு நாட்டுக்கும் ஆட்கள் போயிருக்கிறார்கள். ஆகவே பூண்டுலோயாவின் டன்சினன் தோட்டத்துக் கதை, ஒரு வகையில் கேரித் தீவின் கதையும் பந்திங்கின் கதையும்தான்.

டன்சினன், ஹாரோ ஆகிய இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 வயதிலிருந்து 30 வயது வரையுள்ள 480 ஆண் தொழிலாளர்களை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பிரஷ் பிடித்துப் பழகாதவர்கள், பல் மருத்துவரிடம் போகாதவர்கள். சொத்தைப் பல் அவர்களிடம் அநேகமாக இல்லை. அதனால் பல் விழுந்தால் அதற்குக் காரணம் ஈறுதான் என்று தயக்கமின்றிச் சொல்ல முடிந்தது. 1971, 1973, 1977, 1982, 1985 என்று அதே இரண்டு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து அதே வாய்களை அளந்தார்கள். நோய் அதன் போக்கில் போனால் எங்கே போய் முடியும் என்று பார்ப்பதே அவர்களின் நோக்கம். சிகிச்சை அளிப்பது ஆய்வின் திட்டத்தில் இல்லை.

இந்த இடத்தில் மனம் உறுத்தத்தான் செய்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் யார் இருப்பது, யார் போவது என்று பங்கு பிரிக்கப்பட்ட மக்கள் அவர்கள். பல் விழப் போவது தெரிந்தும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுக்கு, இன்றைய மருத்துவ நெறிக்குழு எதுவும் அவ்வளவு எளிதில் இசைவு தராது. அந்தத் தோட்டங்களுக்கு அன்று பல் வைத்தியம் எட்டாமல் இருந்தது ஆய்வாளர்களின் குற்றமல்ல. ஆனாலும் அந்த மக்கள் உலகத்துக்குக் கொடுத்தது அதிகம், பெற்றது குறைவு.

1986ஆம் ஆண்டு முடிவுகள் வெளிவந்தன. ஏறக்குறைய எல்லாருக்கும் ஈறு வீக்கம் இருந்தது. ஆனால் நோய் எல்லாரையும் ஒரே வேகத்தில் தாக்கவில்லை. நூற்றுக்கு சுமார் 8 பேருக்கு அது காட்டுத் தீ. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்கள், 40 வயதில் 20 பற்கள், 45 வயதில் வாயில் ஒன்றுமே மிஞ்சவில்லை. சுமார் 81 பேருக்கு மெதுவான நெருப்பு. முப்பதுக்கு மேல் பல் இழப்பு தொடங்கி, 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயின. மீதி 11 பேருக்கோ ஈறு வீங்கியதோடு சரி. பல் ஏறக்குறைய ஒன்றும் விழவில்லை.

"எங்கள் தாத்தா ஒருநாளும் பிரஷ் பிடித்ததில்லை, எண்பது வயதிலும் கரும்பு கடித்தார்" என்று சொல்லாத குடும்பம் உண்டா? அந்தத் தாத்தா பொய்யில்லை. அவர் இந்தப் பதினொரு பேரில் ஒருவர். பேரனும் அதே பட்டியலில் இருக்கிறானா என்பதுதான் யாருக்கும் தெரியாத சங்கதி.

ஓஸ்லோக்காரர்கள் கதை என்ன? பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் நார்ப்பற்று எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதைக் கொண்டுதான் ஈறு நோயை அளக்கிறார்கள். நாற்பது வயதை நெருங்கும்போது ஓஸ்லோவில் அது சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர். மலையகத்தில் நாலரை மில்லிமீட்டர். இரு பக்கமும் அதே வயதுதான். வயதுதான் பல்லை விழச் செய்கிறது என்றால் இரு அளவும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

2010ஆம் ஆண்டு, நாற்பது வருடங்கள் கழித்து, ஆய்வாளர்கள் மீண்டும் மலையேறினார்கள். 480 பேரில் 75 பேரைத் திரும்பப் பரிசோதிக்க முடிந்தது. ஒரு பல்லும் இழக்காதவரும் இருந்தார். எல்லாப் பல்லையும் இழந்தவரும் இருந்தார். சராசரி இழப்பு 13 பற்கள். முப்பது வயதுக்குள் நோயைக் கண்டு சிகிச்சை தருவதும், புகைப்பதை விடுவதும், படலத்தையும் கல்லையும் அகற்றுவதுமே பல்லைக் காக்கும் என்று 2017ஆம் ஆண்டு வெளியான அறிக்கை சொன்னது.

சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் 1972ஆம் ஆண்டு தொடங்கிய இன்னொரு நீண்ட ஆய்வு இதற்கு நேரெதிரானது. அங்கே மக்களுக்குச் சரியாகத் துலக்கக் கற்றுக்கொடுத்து, ஆளுக்கேற்ற இடைவெளியில் அழைத்துச் சுத்தம் செய்தார்கள். முப்பது ஆண்டுகளில் ஒருவர் இழந்தது, வயதுக்குத் தக்கபடி, சராசரியாக 0.4 பல்லிலிருந்து 1.8 பல் வரைதான்.

பிள்ளைகளுக்குக் கிடைத்தது, பெரியவர்களுக்கு?

மலேசியா பல் சுகாதாரத்தில் பின்தங்கிய நாடல்ல. 1949ஆம் ஆண்டே பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே பயின்ற தாதியர்கள் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்தார்கள். 1972ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள லெம்பா பந்தாயில், பல் மருத்துவத் துறை உருவானது. குழாய் நீரில் புளோரைடு கலக்கும் கொள்கையும் அதே ஆண்டு ஏற்கப்பட்டது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் கையில் குவளையும் பிரஷுமாக வரிசையில் உட்கார்ந்து துலக்கிய காட்சி பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் இவையெல்லாம் முதன்மையாகப் பிள்ளைகளையும் சொத்தையையும் குறிவைத்தவை. புளோரைடு பல்லை உறுதியாக்கும், ஈறைக் காக்காது. பள்ளியை விட்டு வெளியேறிய பிள்ளை தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ போன பிறகு, வலி வந்தால் மட்டுமே பல் கிளினிக்கை நினைத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் வட்டார அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. 2010ஆம் ஆண்டுத் தேசிய வாய்ச்சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு ஏதோ ஒரு வகை ஈறுக் கோளாறு இருந்தது. முற்றிய நிலையில் ஆழமான ஈறுப் பைகள் இருந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்!

நம்மவர்களின் வாயைப் பற்றி வேறொரு எச்சரிக்கை அதற்கு வெகு முன்பே வந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் டாக்டர் கே. இராமநாதன், 1970களில் வாய்ப்புற்றுநோயை இனவாரியாக ஆராய்ந்து, இந்தியர்களிடையே அது மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டினார். புகையிலை சேராத வெறும் வெற்றிலை பாக்கும் புற்றுநோய்க் காரணிதான் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் உறுதி செய்தது. ஈறையும் கெடுக்கும் பழக்கம் அது.

இனிப்பு நீரும் ஈறும்

பூண்டுலோயா ஆய்வை நடத்திய அதே ஹெரால்ட் லோ, பின்னாளில் அமெரிக்கத் தேசியப் பல் ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரானார். 1993ஆம் ஆண்டு அவர் எழுதிய ஒரு கட்டுரை மலேசியத் தமிழர்களுக்கு நேராக எழுதியது போலிருக்கும். கண், சிறுநீரகம், நரம்பு என்று இனிப்பு நீர் தாக்கும் ஐந்து இடங்களைச் சொல்வார்கள். ஆறாவது ஈறு என்றார் அவர்.

2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் சராசரி 15.6 விழுக்காடாக இறங்கியது ஆறுதல்தான். ஆனாலும் சர்க்கரை ஏறியவருக்கு ஈறு சீக்கிரம் புண்ணாகும், மெதுவாக ஆறும். எலும்பு வேகமாகக் கரையும். அத்தோடு நிற்பதில்லை. ஈறில் நிலைத்துவிட்ட அழற்சி, இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்குகிறது. ஈறுக்கு முறையான சிகிச்சை பெற்ற இனிப்பு நீர் நோயாளிகளின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, ஏறக்குறைய 0.4 விழுக்காடு குறைந்ததாக 2022ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. இன்னொரு மாத்திரை சேர்த்தாற்போன்ற பலன் இது. காலைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்பவர்கள் எத்தனை பேர்?

கல்லை எடுத்தால் பல் ஆடுமா?

சிகிச்சை பெரிய மாயமில்லை. பல் மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளப்பார். மூன்று மில்லிமீட்டர் வரை கவலையில்லை. நான்கும் அதற்கு மேலும் என்றால் அங்கே பை உருவாகிவிட்டது. பிரஷ் அங்கே எட்டாது. மேலே படிந்த கல்லை ஸ்கேலிங் செய்து எடுப்பார்கள். பைக்குள் வேரில் ஒட்டியதை மரப்பு ஊசி போட்டுச் சுரண்டுவார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டுமே ஈறு அறுவை. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

"கல்லை எடுத்தால் பல் ஆடும்" என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மண் அரித்துப்போன பால்மரத்தைச் சுற்றிக் குப்பை அடைத்திருந்தால் மரம் உறுதியாக நிற்பது போலத் தோன்றும். குப்பையை அள்ளியதும் அசைவு தெரியும். மரத்தைச் சாய்த்தது அள்ளியவர் அல்ல. வீக்கம் வடிந்து ஈறு இறுகியதும் பெரும்பாலும் ஆட்டமும் குறையும். இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவது அடுத்த தவறு. புகைப்பவர்களுக்கோ ஈறு நோய் முற்றினாலும் இரத்தம் அதிகம் கசியாது. அதை ஆரோக்கியம் என்று எண்ணி அவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்த கதையும் சுவையானது. 1912ஆம் ஆண்டு மலேரியாக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ். மலேரியாவை விட்டு வாய்க்குத் திரும்பிய அவர், பிரஷை ஈறின் ஓரத்தில் 45 பாகை சாய்த்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவாகத் துலக்கும் முறையை வகுத்தார். இன்றும் அதற்குப் பாஸ் முறை என்றே பெயர்.

மலேரியா என்றதும் கிள்ளானை நினைக்காமல் இருக்க முடியாது. 1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்ற மாவட்ட மருத்துவர் அங்கே வந்தபோது, காய்ச்சலில் சாவது கிள்ளானின் தலைவிதி என்றே கருதப்பட்டது. அவர் மருந்தை மட்டும் நம்பவில்லை. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி, காட்டைத் திருத்தி, கொசு பிறக்கும் இடத்தையே அழித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் அடங்கியது. வெட்டிய வடிகால் தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் அந்த வேலையின் பாதி.

வாயிலும் அதே கணக்குதான். பல் இடுக்கில் நூலோ சிறு பிரஷோ விட்டுத் தினமும் எடுக்க வேண்டும். துலக்கிய படலம் ஒரு நாளில் மறுபடி படியும். எடுக்காமல் விட்டது சில நாட்களில் கல்லாக இறுகத் தொடங்கும். கல்லாகிவிட்டால் எந்தப் பசைக்கும் மசியாது. உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது வலிக்கு இதமாக இருக்குமே தவிர, கல்லைக் கரைக்காது. ஒருமுறை ஈறு நோய் வந்தவர் மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் பல் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் போய் அளந்து பார்க்க வேண்டும். இனிப்பு நீருக்கு மாதாமாதம் மருந்து வாங்கும் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில், அதே வளாகத்தில் பல் கிளினிக்கும் இருக்கிறது. மருந்துச் சீட்டோடு போகும் நாளிலேயே அந்த வரிசையிலும் ஓர் எண் எடுத்து, "என் ஈறை அளந்து பாருங்கள்" என்று கேட்கலாம்.